நெய்ப்பந்தத்துக்குக் கூப்பிடாத பேத்தி

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு மகள் இருக்கிறாள். இந்த இரண்டு வாக்கியங்களையும் குரலைத் தாழ்த்தாமல் அடுத்தடுத்துச் சொல்லிப் பழக எனக்குச் சில வருஷங்கள் ஆயின. தென்காசியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது சொன்னேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது சொன்னேன். மருந்துக்கடையில் காய்ச்சல் மருந்து வாங்கும்போது யாரும் கேட்காமலே சொன்னேன். நாமே முதலில் சொல்லிவிட்டால் முதுகுக்குப் பின்னால் பேச அவர்களிடம் புதிதாக ஒன்றும் மிச்சமிருக்காது என்று நினைத்தேன். தப்பு. பேசத்தான் செய்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று என் அம்மா பெருமூச்சு விடுவாள். எதற்கு மூட வேண்டும், திறந்தே கிடக்கட்டும், ஈயாவது போய் வரட்டும் என்பேன் நான்.

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்களை எழுப்பி, திட்டி, கெஞ்சி, நாலு அடி நடக்க வைப்பது என் தொழில். படித்தது கோயம்புத்தூரில். அங்கேதான் அவனைப் பார்த்தேன். எனக்குச் சொந்த ஊர் கடையம். அவனுக்குப் புளியங்குடி, அங்கே அவர்கள் குடும்பத்துக்கு எலுமிச்சை கமிஷன் கடை இருக்கிறது. இந்தப் பக்கத்திலேயே இருந்திருந்தால் ஒரே பஸ்ஸில் போனாலும் பேசியிருக்க மாட்டோம். அவர்கள் ஆட்கள் வேறு, நாங்கள் வேறு. கோயம்புத்தூரில் இரண்டு பேரும் வெறும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள்தான், அதுவே பேசப் போதுமானதாக இருந்தது. வீடு எடுத்து ஒன்றாக இருந்தோம். என்னை யாரும் ஏமாற்றிக் கூட்டிப் போகவில்லை. விரும்பித்தான் இருந்தேன், மகள் வயிற்றில் வந்தபோது விரும்பித்தான் பெற்றேன். பாவம், ஏமாந்துட்டா என்று யாராவது உச்சுக் கொட்டினால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணத்தைப் பற்றி நான் கேட்காமல் இல்லை. அக்கா கல்யாணம் முடியட்டும் என்றான். முடிந்தது. அப்பா உடம்பு தேறட்டும் என்றான். அவர் உடம்பு தேறவில்லை; கடையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று இவன் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். நானும் கைப்பிள்ளையோடு தென்காசிக்கு வந்து ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். கடையத்தில் எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பிறகு அம்மா மட்டும் கால்வாசி திறந்தாள். அவன் வீட்டுக் கதவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்: "எங்கம்மா ஒத்துக்க மாட்டேங்காங்க. நான் என்ன செய்ய?" அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமலே வெறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மகளைப் பார்க்க வருவான். அதில் குறை சொல்ல முடியாது. வாசல்வரை வரமாட்டான், தெருமுனையில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பான். மகள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடுவாள். நேராகக் குற்றாலம். பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைக்குத் தண்ணீர் பிடிக்கிறது, அதனால் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் காரணம் புரிந்தது. புளியங்குடியில் அவனை எல்லோருக்கும் தெரியும். தென்காசியில் பாதிப் பேருக்குத் தெரியும். குற்றாலத்துக்கு வருகிறவர்களோ வெளியூர்க்காரர்கள். ஈரத் துண்டோடு நிற்கிறவனிடம் இது யார் பிள்ளை என்று எவரும் கேட்பதில்லை. சாரல் காலத்தில் ஐந்தருவியில் குளித்து, மங்குஸ்தான் வாங்கி உரித்துத் தின்று, குரங்கிடம் பையைப் பறிகொடுத்துச் சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். தண்ணீரே இல்லாத மாசி, பங்குனியிலும் அங்கேதான் கூட்டிப் போவான். காய்ந்த பாறையைப் பார்க்க வாராவாரம் போன ஆட்கள் இந்த உலகத்தில் அவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

அவன் அப்பா இறந்தபோது மகளுக்கு நாலு வயது. காலையில் போன் செய்து, "அப்பா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னான். வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் துஷ்டிக்கு அழைப்பு கிடையாது. செய்தி கேட்டால் போக வேண்டியதுதான். அதிலும் பேரப்பிள்ளைகள் கட்டாயம் வேண்டும். குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்தி, தாத்தாவைத் தூக்குவதற்கு முன்னால் பேரன் பேத்திகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவார்கள். நெய்ப்பந்தம் என்பது அதுதான். செத்தவருக்கு அது வழித்துணை என்பார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு அது வேறொன்று: இந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் இன்னார் என்று தெருவே பார்த்துத் தெரிந்துகொள்ளும். பந்தம் பிடித்த பிள்ளையைப் பிறகு யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. மகளைக் குளிப்பாட்டி, தலை வாரி, பஸ் ஏறிப் புளியங்குடிக்குப் போனேன்.

அவர்கள் தெருவின் முனையில் ஒரு பூட்டிய கடை இருந்தது. அதன் நிழலில் நின்றோம். உள்ளே போகக் கால் வரவில்லை, கூப்பிடட்டும் என்று நின்றேன். பந்தலுக்குள்ளிருந்து, "பேரப்பிள்ளைக எல்லாம் வாங்க" என்று சடங்கு செய்பவர் சத்தம் கொடுத்தார். அவன் அக்காவின் பையன்கள் போனார்கள். சித்தப்பா வழிப் பிள்ளைகள் போனார்கள். புகை எழுந்தது. அவன் வெளியே வந்தான், எங்களைப் பார்த்தான். பார்த்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மகள் அப்பா என்று கையை ஆட்டினாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். பாடை புறப்படும்வரை அங்கேயே நின்றோம், பிறகு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

மறு ஞாயிறு கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, "அம்மா ஒத்துக்கலை" என்றான். அன்றைக்கே அவனை விரட்டியிருக்க வேண்டும் என்று என் தோழிகள் சொன்னார்கள். மகளுக்கு அப்பா வேண்டியிருந்தது. எனக்கும் வெறுக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது. புளியங்குடி என்ற பெயர்ப்பலகையைப் பஸ்ஸில் பார்த்தால்கூட அந்தம்மாவை நினைத்து எனக்கு நெஞ்சு கசக்கும்.

மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்த வருஷம் எனக்குக் கொச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கென்றே தனிப் பிரிவு, நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட வேலை. புனலூர், ஆரியங்காவுப் பக்கமிருந்து தென்காசிக்கு வரும் நோயாளிகளிடம் பேசிப் பேசி எனக்கு மலையாளம் ஓரளவு வரும். பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டேன். அவனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அந்த ஞாயிறு நானும் குற்றாலத்துக்குப் போனேன். மாசி மாதம். அருவி இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் நனைந்திருந்தது. மகள் சற்றுத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"சரி, நீ போ. பிள்ளைய இங்கன விட்டுட்டுப் போ" என்றான்.

யாரிடம் விட என்று கேட்டேன். உங்கள் வீட்டிலா என்றேன். பார்த்துக்கொள்ளலாம் என்றான். இத்தனை வருஷமும் வீட்டு வாசலைக் காட்டாதவன், லோடு இறக்குவதுபோல இறக்கி வைத்துவிட்டுப் போ என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் என்னோடுதான் வருவாள், நீ எப்போது வேண்டுமானாலும் வந்து பார் என்றேன். எப்படிக் கொண்டுபோகிறாய் என்று பார்க்கிறேன் என்றான். அவன் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் கழித்து என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவன், அவன் சித்தப்பா, அவன் அம்மா. கையில் தட்டுகள். வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு பட்டுச்சேலை. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நேரம். சித்தப்பாதான் பேசினார். நடந்தது நடந்து போச்சு, பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலில் வைத்துத் தாலியைக் கட்டிவிடலாம், அதிகம் பேருக்குச் சொல்ல வேண்டாம், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவன் அம்மா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "பிள்ள எங்க?" என்று ஒன்று மட்டும் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் என்றேன்.

ஒரு நிமிஷம் தடுமாறினேன். ஒரு காலத்தில் அந்தத் தட்டுக்காக அழுதவள்தானே நான். அந்தச் சேலை நல்ல சேலை, என் நிறத்துக்கு எடுப்பாக இருந்திருக்கும். அவனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"கல்யாணம் முடிஞ்சதும் நான் பிள்ளையோட கொச்சிக்குப் போகலாம்லா?"

"அதான் கல்யாணம் ஆயிருதே. பெறவு எதுக்குப் போணும்?"

அவன் மனமறியச் சொன்னதைவிட, அறியாமல் சொன்ன அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. அவர்கள் எனக்குத் தாலி கொண்டுவரவில்லை, என் காலுக்குக் கயிறு கொண்டு வந்திருந்தார்கள். காபி போட்டுக் கொடுத்தேன், வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது. குடித்து முடித்ததும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சித்தப்பாவின் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊரில் இதைவிடத் தெளிவான பாஷை கிடையாது. அவர் முகம் சிவந்தது. வலிய வருகிற சீதேவியைக் காலால் உதைக்கிறாய் என்றார். ஆமாம், உதைக்கிறேன், கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். காருக்குப் போகும்போது அவன் அம்மா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனைக்கும் இவள்தானே காரணம், பார்க்கிற பார்வையைப் பார் என்று கதவைப் படாரென்று சாத்தினேன்.

அடுத்தது கோர்ட்டு. மகளை மாநிலம் விட்டுக் கொண்டுபோகக் கூடாது, அவளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தென்காசியில் மனுப் போட்டான். குழந்தை தந்தைவழிக் குடும்பத்தின் பாசத்தில் வளர்கிறது, அதைப் பிரித்தால் மனம் பாதிக்கப்படும் என்று அதில் இருந்தது. கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் தொட்டில் பக்கமே வராமல் ஆட்டியதாகச் சத்தியம் செய்தார்கள். மகளைப் பறித்துக்கொள்வார்களோ என்ற நினைப்பில் ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

எனக்குக் கிடைத்த வக்கீலம்மா கீழப்பாவூர்க்காரர். கறாரான ஆள், சிரிப்பது அபூர்வம். தட்டு கொண்டு வந்த கதையைச் சொன்னதும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விளக்கினார். நம்முடைய சட்டப்படி, கல்யாணத்துக்குள் பிறந்த பிள்ளைக்கு அப்பாவைத்தான் முதல் காப்பாளராகச் சொல்கிறார்கள். கல்யாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு அம்மாதான் முதல். அப்பா அவளுக்கு அடுத்துத்தான். கடைசியில் பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் கோர்ட்டு பார்க்கும். ஆனாலும் தாலி ஏறிவிட்டால் அவர்கள் பேச்சுக்கு ஒரு பலம் வந்துவிடும், அதைத்தான் யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

"தாலி கட்டலை, கட்டலைன்னு அழுதியே. அவன் கட்டாததுதான் இப்பம் உனக்குக் காவல்" என்றார்.

எனக்கு அந்தச் சட்டம் முன்பே தெரியாது. தெரியாமலேதான் தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

வழக்கை முதலில் சமரசம் பேசச் சொல்லி அனுப்பினார்கள். கோர்ட்டு வளாகத்தில் ஒரு சின்ன அறை. நடுவில் பேச வந்தவர் பொறுமையான மனிதர், வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே கேட்பார். ஒரு பக்கம் நானும் வக்கீலம்மாவும். எதிரே அவனும் அவன் வக்கீலும். பாசத்துக்குச் சாட்சியாக அவன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார்கள். அவன் பேசும்போது அழுதான். அது நடிப்பில்லை. மகள் மேல் அவனுக்கு உயிர், அதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. எந்தக் காரியத்தையும் வெளிச்சத்தில் செய்யத்தான் அவனுக்கு வராது. பிறகு அந்தப் பெரியவர் அவன் அம்மாவைப் பேசச் சொன்னார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்யா. பேத்தி வேணும். அவ எங்க வீட்டுப் பிள்ள" என்றாள்.

எங்க வீட்டுப் பிள்ள. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. வக்கீலம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார், உதறினேன்.

"உங்க வீட்டுப் பிள்ளையா? உங்க வீட்டுக்காரவுக செத்துக் கெடந்தன்னைக்கு, பிள்ளையக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்து உங்க தெருமுனையில நின்னேன். பேரப்பிள்ளைக எல்லாத்துக்கும் நெய்ப்பந்தம் குடுத்தீங்க. எம்பிள்ள கையில ஒண்ணு குடுத்தீங்களா? அன்னைக்கு வேண்டாம்னு ஒதுக்குன பிள்ளைய இன்னைக்கு எந்த மொகத்த வச்சிக்கிட்டு கேக்கீங்க?"

அவள் பதில் சொல்லுவாள், சண்டை பிடிப்பாள், நானும் விடக்கூடாது என்று தயாராக இருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வந்திருந்தியாட்டி?" என்றாள். "பிள்ளையோட வந்து நின்னியா?"

பிறகு மெதுவாக மகன் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, அவ பிள்ளைய அனுப்ப மாட்டேங்கான்னுதான எங்கிட்ட சொன்ன? அந்தப் பிள்ளைக்கும் சேத்துதான பந்தம் சுத்தச் சொன்னேன். பிடிக்க ஆளில்லாம ஒண்ணு கொல்லையில கெடந்துச்சே. எத்தனை மட்டம் கேட்டிருப்பேன், கூட்டிட்டு வா, ஒரு மட்டம் கண்ணுல பாக்கணும்னு. அவ ஒத்துக்க மாட்டேங்கா, ஒத்துக்க மாட்டேங்கான்னுதானலே சொல்லிட்டிருந்த."

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கம்மா ஒத்துக்க மாட்டேங்காங்க என்று எனக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே அளவு. ஆளை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறான். கமிஷன் கடையில் விவசாயியும் வியாபாரியும் நேருக்கு நேர் விலை பேசுவதில்லை. நடுவில் நிற்கிறவர் துண்டுக்கு அடியில் இவர் விரலையும் அவர் விரலையும் தனித்தனியாகப் பிடித்துப் பேசி முடிப்பார். இந்தப் பக்கத்துக்குச் சொன்னது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. எலுமிச்சைக்கு அது ஒத்துவரலாம். அவன் எங்கள் இருவரையும் அப்படியே வைத்திருந்தான், துண்டுக்கு அடியில் கிடந்தது என் மகள்.

அவனை ஏன் என்று கேட்டாள் அவன் அம்மா. ரெண்டு பக்கமும் சண்டை வரக்கூடாதுன்னுதான் என்றான். எனக்கு அதைக் கேட்டுக் கோபம்கூட வரவில்லை. எதிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டே வாழ்ந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி வெறுத்துக்கொண்டிருந்த வரைக்கும் அது நடந்தது.

அந்தம்மா என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியாம போச்சேட்டி என்று அழுதாள். இந்த இடத்தில் நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும், அதுதான் பார்க்க அழகாக இருந்திருக்கும். நான் எழவில்லை.

"தெரியலைன்னா நேர்ல வந்து கேட்டிருக்கலாம்லா. புளியங்குடிக்கும் தென்காசிக்கும் பஸ் இல்லையா? தட்டு தூக்கிட்டு வரத் தெரிஞ்சுதே."

கடுமையாகச் சொன்னேன். வேண்டும் என்றேதான் சொன்னேன். அவன் பொய் சொன்னான் என்பது நிஜம். அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது அவளுக்கும் சௌகரியமாக இருந்தது, எனக்கும் சௌகரியமாக இருந்தது என்பதும் நிஜம். நேரில் வந்தால் தெரு பார்க்கும். வேறு ஆட்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவளுக்கு அதைவிடப் பேத்தி பெரிதாக இருந்திருந்தால் வந்திருப்பாள். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் வக்கீல் ஏதோ சட்டத்தைப் பேச ஆரம்பித்தார். அவர் பேச்சை அந்தம்மாதான் நிறுத்தினாள். "போதும்யா. பிள்ள அவகிட்ட இருக்கட்டும். போற எடத்துக்குப் போகட்டும்" என்றாள். மகனைப் பார்த்து, "பாக்கணும்னா நீ போய்ப் பாருலே. ரயில் போவுதுல்லா" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

பெரியவர் நிபந்தனைகளைக் கேட்டு எழுதினார். மகள் என்னோடு கொச்சியில் இருப்பாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவன் அங்கே வந்து பார்க்கலாம். கோடை விடுமுறையில் ஒரு வாரம் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வாரத்துக்கு நான் ஒரு நிபந்தனை சேர்க்கச் சொன்னேன்: அவன் வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், முன்வாசல் வழியாகத்தான் கூட்டிப் போக வேண்டும். முன்வாசல் என்பதையெல்லாம் எழுத முடியாதம்மா என்று பெரியவர் சிரித்தார். வீடு என்பதையாவது எழுதுங்கள் என்றேன். எழுதினார். வெளியே வந்ததும் வக்கீலம்மா ஜெயிச்சிட்ட போ என்று முதுகில் தட்டினார். என்னத்தை ஜெயித்தேன், என் பிள்ளையை நானே வளர்க்கப் பெற்றுக்கொண்ட அனுமதிக்குப் பெயர் ஜெயமா என்று அவரிடமும் எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எதிரே கடையில் இரண்டு எலுமிச்சை சோடா சொன்னார்.

வைகாசி முடியும் முன்னால் சாமான்களை ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் ரயிலில் போனோம். செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது மகள் அழுதாள். அப்பா வருவாங்களா என்று கேட்டாள். வருவதற்கு வழி இருக்கிறது, வருகிறாரா என்று பார்ப்போம் என்றேன். ஏழு வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லலாமா என்று என் அம்மா போனில் கடிந்துகொண்டாள். பொய் சொல்லி வளர்ந்தவனைப் பார்த்த பிறகு எனக்குப் பிள்ளையிடம் பொய் சொல்ல வாய் வருவதில்லை.

முதல் மாதம் அவன் இரண்டு ஞாயிறும் வந்தான். மகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்து, கூடவே ஓடி ஓட்டக் கற்றுக் கொடுத்தான். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. அதற்கடுத்து வீடியோ அழைப்பு. இப்போது அம்மா ஒத்துக்கவில்லை என்று சொல்ல வழியில்லை, அதனால் மழையைச் சொல்கிறான், லோடு வந்திருப்பதைச் சொல்கிறான். மகள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவனைத் திட்டி மகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருக்கத்தான் மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

ஓணம் விடுமுறையில் ஒரு நாள் காலையில் மணி அடித்தது. அவன்தான் என்று மகள் ஓடினாள். நான் அவளை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். அவன் அம்மா நின்றாள். தனியாக வந்திருந்தாள். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது, கால் வீங்கியிருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"உள்ள வரலாமாட்டி?" என்றாள்.

கதவைப் பிடித்தபடி நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றதாகச் சொல்லிக்கொள்ளலாம். அது பொய். நிற்கட்டும் என்றுதான் நின்றேன். அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும், மறுபடி கேட்கவில்லை. பேச்சுக் குரல் கேட்டு எதிர்வீட்டுச் சேச்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஆரா மோளே?" என்று என்னைக் கேட்டார். பின்னால் மகளும் என் சட்டையை இழுத்து, யாரும்மா என்றாள்.

"எங்கிட்ட கேக்காதீங்க" என்றேன் இரண்டு பேருக்கும் சேர்த்து. பிறகு அவன் அம்மாவைப் பார்த்தேன். "நீங்களே சொல்லுங்க."

அவள் பையைத் தரையில் வைத்தாள். எதிர்வீட்டைப் பார்த்தாள், மேலே போகிற படியைப் பார்த்தாள். அங்கேயும் யாரோ நின்றிருந்தார்கள். புளியங்குடியில் தெருவுக்குத் தெரு கேட்கிற அந்தக் குரலில், "நான் இந்தப் பிள்ளைக்கு ஆச்சி. இவ அப்பனைப் பெத்தவ" என்றாள். சேச்சிக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் சத்தமாக இரண்டாவது தடவையும் சொன்னாள்.

மகள் என் பின்னாலிருந்து வெளியே வந்து அவளை நிமிர்ந்து பார்த்தாள். நான் கதவை முழுசாகத் திறந்து ஒதுங்கி நின்றேன்.